பின்தங்கியவரின் முறை

புதுச்சேரி

ஆறு மீட்டருக்குக் குறையக் கூடாது. பத்து மீட்டரைத் தாண்டவும் கூடாது. மண்ணில் கிழித்த சின்ன வட்டத்துக்குள் இரண்டு காலையும் ஊன்றி நின்று, நெல்லிக்காய் அளவு மரப்பந்து ஒன்றை அந்தத் தூரத்துக்குள் எறிய வேண்டும். அப்புறம் எஃகுக் குண்டுகள். ஒவ்வொன்றும் 650 கிராமுக்குக் குறையாமல், 800 கிராமுக்கு மிகாமல் இருக்கும். யாருடைய குண்டு மரப்பந்துக்கு மிக நெருக்கமாகப் போய் நிற்கிறதோ, அந்த அணிக்குப் புள்ளி. 13 புள்ளியை முதலில் எட்டும் அணி வெல்லும். பெத்தாங் ஆட்டத்தை இப்படிச் சில வரிகளில் சொல்லி முடித்துவிடலாம். புதுச்சேரியில் அதை ஆயுள் முழுக்க ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் அந்தக் கைமாற்றம் சட்டப்படியும் நிறைவேறியது. அதிகாரிகள் கப்பலேறிப் போனார்கள், ஆட்டம் தங்கிவிட்டது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிய 'சொல்தா'க்கள் மாலை நேரங்களில் குண்டுகளைத் துணியால் துடைத்துக்கொண்டு மரநிழலில் கூடினார்கள். பிறகு அவர்களுடைய பிள்ளைகள், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று வட்டம் பெருகியது.

இந்த ஆட்டம் பிறந்த கதையே அதன் குணத்தைச் சொல்லிவிடும். பிரான்சின் தெற்குக் கரையில் லா சியோத்தா என்று ஒரு துறைமுக ஊர். அங்கே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடிவந்து குண்டு எறியும் பழைய ஆட்டம்தான் வழக்கத்தில் இருந்தது. ஜூல் லெநுவார் என்ற தேர்ந்த ஆட்டக்காரருக்கு மூட்டுவாதம் வந்துவிட்டது. ஓட முடியாமல் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காக எர்னெஸ்ட் பித்தியோ என்ற நண்பர் விதியை மாற்றினார்: யாரும் ஓட வேண்டாம், எல்லோரும் நின்ற இடத்திலிருந்தே எறியலாம், தூரத்தையும் குறைத்துக்கொள்ளலாம். முடியாமல் போன ஒருவரை ஒதுக்குவதற்குப் பதிலாக ஆட்டத்தையே அவர் பக்கம் நகர்த்தினார்கள். இன்று உலகம் முழுக்க ஆடப்படும் ஆட்டம் அப்படி வந்ததுதான்.

கொச்சிக்குப் புறப்பட்ட மூவரும் இதை ஆடி வளர்ந்தவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இன்னொருவர் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்த அவருடைய மச்சான். மூன்றாவது, வாத்தியாரின் அக்கா மகள். அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பள்ளியில் விளையாட்டு சொல்லிக்கொடுப்பவர். ஊரில் தெருக் கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் லீக்கில் வாத்தியார்தான் விதிப் புத்தகம் வைத்திருப்பவர். ஓர் அணியில் ஆள் வந்து சேரவில்லை என்றால் இருப்பவர்களைக் கொண்டு ஆட்டத்தைத் தொடங்கலாம், ஆனால் வராதவரின் குண்டுகளைத் தொடக் கூடாது. இது போன்ற விதிகளை அவர் பாடம்போலச் சொல்வார். கொச்சியின் மட்டாஞ்சேரியில் அந்த ஆட்டம் கிடையாது என்று தெரிந்தேதான் பையில் ஆறு குண்டுகளை எடுத்து வைத்தார். ஊரில் ஆடும் தரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறொரு துறைமுக ஊரின் தரை எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை அவருக்கு.

மட்டாஞ்சேரி, யூதத் தெரு

எர்ணாகுளத்திலிருந்து காயலைக் கடக்கும்போது இடப்புறம் வில்லிங்டன் தீவு வருகிறது. காயலின் அடியில் வாரிய மண்ணைக் கொட்டி மனிதர்கள் உண்டாக்கிய நிலம் அது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920-களில் கொச்சித் துறைமுக வேலையை எடுத்துச் செய்தபோது எழுந்தது. அதைத் தாண்டினால் ஓட்டுக்கூரைக் கிடங்குகள் தண்ணீரைத் தொட்டபடி வரிசையாக நிற்கின்றன. படகிலிருந்து இறங்கியதும் முதலில் வருவது மணம். சுக்கு, மிளகு, கிராம்பு, ஈரச் சாக்கு எல்லாம் கலந்த மணம். புதுச்சேரிக் கடற்கரையில் இப்படி ஒன்று இல்லை. அங்கே உப்புக்காற்று மட்டும்தான்.

மட்டாஞ்சேரி அரண்மனையைப் போர்ச்சுகீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தார்கள். 1663-இல் டச்சுக்காரர்கள் அதைப் புதுப்பித்ததால் பெயர் டச்சு அரண்மனை என்று ஆகிவிட்டது. உள்ளே சுவர் நிறைய ராமாயணம் ஓவியமாக விரிகிறது. அரண்மனைக்குப் பின்னால், நடந்து போகும் தூரத்தில், 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயம். தரையில் பதித்த சீனத்து நீல ஓடுகள் கையால் வரையப்பட்டவை. 1760-இல் எசக்கியேல் ரஹாபி கட்டிக்கொடுத்த மணிக்கூண்டு வாசலில் நிற்கிறது. ராஜாவின் கோயிலும் யூதரின் ஆலயமும் ஏறக்குறைய ஒரே மதிலைப் பகிர்ந்துகொண்டு நிற்பதை வாத்தியார் வெகுநேரம் பார்த்தார். புதுச்சேரியில் வெள்ளையர் நகரமும் கறுப்பர் நகரமும் ஒரு வாய்க்காலால் பிரிந்து கிடந்தவை. இங்கே அப்படிக் கோடு போட இடமே இல்லை. கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், தமிழர்கள், யூதர்கள் எல்லோரும் ஒருவர் கொல்லைப்புறத்தில் மற்றவர் வாசல் வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

அந்த நெருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. யூதத் தெருவிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் பத்து மீட்டர் நேர்வெளி கிடைப்பதில்லை. சந்துகள் வளைகின்றன, கல் பாவிய தரையில் குண்டு விழுந்தால் எகிறும். ஒரு காலத்தில் மிளகு விலையைக் கூவிக் கூவி முடிவு செய்த சந்தைக் கட்டடம் இதே தெருவில் இருக்கிறது. வாணிபம் கணினிக்கு மாறியதும் அந்தக் கூவல் அடங்கிவிட்டது.

மசாலாக் கடைக்காரர் ஒருவருக்கு மச்சானின் தோளில் தொங்கிய பை கண்ணை உறுத்தியது. "இதில் என்தா சேட்டா, இத்ர பாரம்?" என்று கேட்டார். குண்டு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்ததும் மனிதர் அதைக் கொண்டுபோய் ஏலக்காய் நிறுக்கும் தராசில் வைத்தார். முள் 700 கிராமில் நின்றது. குண்டின் மேல் செதுக்கியிருந்த எண்ணும் 700-தான். எடையையும் செய்தவர் குறியையும் குண்டிலேயே பொறிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதை யாரும் சுரண்டி மாற்றக் கூடாது. தலைமுறை தலைமுறையாக எடை போட்டே பிழைத்த தெருவில் இந்த விதியை விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை. "நல்லது. எடையில் களவு கூடாது" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, மூவருக்கும் சுலைமானி வரவழைத்தார். பாலில்லாத தேநீரில் எலுமிச்சையும் ஏலக்காயும் போட்டது. புதுச்சேரியின் டிகிரி காபிக்குப் பழகிய மச்சான் இரண்டு கிளாஸ் குடித்தார்.

பஜார் ரோடு

அரண்மனையிலிருந்து வடக்கே கல்வத்தி வரைக்கும் நீரோரமாக ஓடுகிறது பஜார் ரோடு. இப்போதும் லாரிகள் வருகின்றன, மூட்டைகள் இறங்குகின்றன, ஆனால் கப்பல் சரக்கின் பெரும்பகுதி போய்விட்டது. 2011-இல் வல்லார்பாடத்தில் கன்டெய்னர் முனையம் திறந்த பிறகு பளு தூக்கும் வேலை பெருமளவு கிரேன்களுக்குப் போய்விட்டது. பூட்டிய கிடங்குகள் சில, கலைக்கூடமாகிவிட்டவை சில. 2012-இல் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பினாலே நடக்கும் மாதங்களில் இந்தச் சுவர்களுக்குள் கூட்டம் நிரம்பும்.

இந்தத் தெருவில் நடக்கும்போது சாப்பாவை நினைக்காமல் இருக்க முடியாது. சாப்பா என்பது உலோக வில்லை. விடியலில் கப்பல் வேலைக்கு நூற்றுக்கணக்கான ஆட்கள் வந்து நிற்பார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் அன்றைக்குத் தேவையான அளவு வில்லைகளைக் கூட்டத்துக்கு நடுவே வீசி எறிவான். எடுத்தவனுக்கு அன்று வேலை. எடுக்க முடியாதவன் வீட்டில் அடுப்பு எரியாது. மண்ணில் புரண்டு, ஒருவர் கையை ஒருவர் மிதித்து, பல்லால் கடித்துப் பிடுங்கினார்கள். வலுத்தவனுக்கு வில்லை கிடைத்தது. இளைத்தவன் மறுநாள் இன்னும் இளைத்துப்போய் வந்து நின்றான்.

அந்த முறையை ஒழிக்கச் சொல்லித் துறைமுகத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15-ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆன்டனி என்ற மூன்று பெயர்களை இந்த ஊர் இன்றைக்கும் சொல்கிறது. கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார். அவர் மகன் கோபன் சிதம்பரம் திரைக்கதை எழுத, ராஜீவ் ரவி 'துறமுகம்' என்ற பெயரில் படமாக எடுத்தார், 2023-இல் வெளியானது.

வாத்தியார் இந்தக் கதையைக் கேட்டது, தலையில் துண்டு கட்டிய, எழுபது வயதைத் தாண்டிய ஒரு முன்னாள் சுமைத் தொழிலாளியிடம். பெரியவரின் வாப்பா சாப்பாவுக்காக நின்றவர். கதை முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெரியவர், பையிலிருந்து எட்டிப்பார்த்த குண்டைக் காட்டி, "இதை எறிஞ்சா யாருக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டார்.

வாத்தியார் சொன்ன விளக்கம் எளிமையானது. முதல் அணி ஒரு குண்டை எறிகிறது. அடுத்த அணியும் ஒன்றை எறிகிறது. இப்போது யாருடைய குண்டு மரப்பந்துக்கு அருகில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அருகில் இருப்பவர் கையைக் கட்டி நிற்பார். பின்தங்கியவர்தான் மறுபடி எறிவார். முந்தும்வரை, அல்லது கையில் உள்ள குண்டு தீரும்வரை, வாய்ப்பு அவருக்கே. அவர் முந்திவிட்டால் முறை மற்றவருக்குப் போகும். ஒருவர் எறிய எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அந்த ஒரு நிமிடத்தில் எதிரணி சத்தம் போடக் கூடாது, கண்ணில் படும்படி நடமாடக் கூடாது.

"பின்னால் நிக்கிறவனுக்கா முறை?" என்று பெரியவர் மறுபடி கேட்டார்.

"ஆமா இக்கா. அவருக்குத்தான்."

இத்தாலியர்களின் போச்சேயிலும் இதே விதி உண்டு. இத்தாலியர் குடியேறிய அமெரிக்க ஊர்களில் பூங்கா ஓரங்களில் நடக்கும் போச்சே லீக்குகளும் இதை மாற்றவில்லை. ஓடும் ஆட்டங்களில் முந்துகிறவன் மேலும் முந்துவான். இந்தக் குடும்பத்து ஆட்டங்களிலோ முந்தியவன் காத்திருக்கிறான். பஜார் ரோட்டில் நின்று கேட்கும்போது அந்த விதிக்கு, விதிப் புத்தகத்தில் இல்லாத கனம் கூடிவிடுகிறது.

நியூ ரோடு, குஜராத்தி ரோடு

மதியம் பெரியவரே காயீஸ் ரஹ்மத்துல்லா ஓட்டலுக்கு வழி காட்டினார். நியூ ரோட்டில் 1948 முதல் இருக்கும் இடம். ஊரில் கேட்டால் காயிக்கா கடை என்பார்கள். மட்டன் பிரியாணிக்கு அரிசி சின்னச் சின்ன மணியாக, நெய் மணத்தோடு உதிர்ந்து வருகிறது, காரம் அடக்கம். கூட ஊறுகாயும் அப்பளமும். கத்தரிக்காய்த் தொக்கும் தயிர் வெங்காயமும் இல்லாமல் பிரியாணியா என்று யோசித்த மச்சான், இரண்டாவது கவளத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

குஜராத்தி ரோட்டில் 1904-இல் கட்டிய தர்மநாதர் ஜைனக் கோயில் வாசலில் புறாக்கள். தீனி வைக்கும் வேளையில் மொத்தமாக எழுந்து கோபுரத்தைச் சுற்றி வருமாம். அந்த நிழலில்தான் அக்கா மகள் தன் பங்குக்குப் பேசினார். மாமா பெத்தாங் பற்றிச் சொன்னது போதும், போச்சேயை விட்டுவிட்டாரே என்ற குறை அவருக்கு.

அவர் பள்ளியில் ஆடுவது போச்சேதான். 1968-இல் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ், அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்ற ஆட்டங்களில் ஒன்றாக இதைச் சேர்த்துக்கொண்டது. 2024 நவம்பரில் ஆசிய பசிபிக் நாடுகளுக்கான போச்சே, பௌலிங் போட்டிகள் டெல்லியில் நடந்தன. பெத்தாங்குக்கு மண் தரை போதும், எல்லைச் சுவர் வேண்டாம். போச்சேக்கு 60 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள களம் வேண்டும். நான்கு பக்கமும் பலகை அடைப்பு இருக்கும். குண்டு உலோகமல்ல, கெட்டியான பெரிய பந்து. அதைக் கையைத் தாழ்த்தி உருட்டுவார்கள். ஓர் அணிக்கு நான்கு பந்து. தனியாட்டம் என்றால் நான்கையும் ஒருவரே உருட்டுவார், இருவர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு, நால்வர் என்றால் ஆளுக்கு ஒன்று. தனியாட்டம் 12 புள்ளியோடு முடியும், நால்வர் ஆட்டம் 16-இல்.

"அந்த நாலு பேர் ஆட்டம்தான் எனக்குப் பிடிக்கும் மாமா. ஆளுக்கு ஒரே பந்து. கெட்டிக்காரப் பிள்ளை நாலையும் பிடுங்கி உருட்டிட முடியாது. பயப்படுற பிள்ளைக்கும் அதோட பந்து அதோட கையில" என்றார்.

'யூனிஃபைட்' என்று ஒரு பிரிவும் உண்டு. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் சேர்ந்து ஆடுவார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கென பாராலிம்பிக்கில் 1984 முதல் போச்சியா இருக்கிறது. அதில் கையால் எறியவே முடியாதவர்கள் சாய்பலகை வைத்து, உதவியாளர் துணையோடு பந்தை உருட்டிவிடுவார்கள். உதவியாளர் களத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. குறி பார்ப்பது முழுக்க ஆடுபவரின் உரிமை என்பதற்காக அப்படி ஒரு விதி. ஓட முடியாத ஒரு நண்பருக்காக லா சியோத்தாவில் செய்த மாற்றம் இங்கே இவ்வளவு தூரம் வந்து நிற்கிறது.

வாத்தியாருக்குக் கணக்கு வந்தது. 60 அடிக்கு 12 அடி என்றால் 720 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக, ஒன்றேமுக்கால் சென்ட் கூடத் தேவையில்லை. மட்டாஞ்சேரியில் கால்பந்துக்கு இடம் தேடினால் கிடைக்காது. ஆனால் பூட்டிய கிடங்கு ஒன்றின் முற்றத்தில் போச்சே களம் இரண்டு அடங்கும். முதியவர்களும் பெண்களும் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே மாலையில் ஒன்றாக ஆடும்படி ஒரு நெரிசலான ஊரில் ஏதாவது அமைக்க வேண்டுமென்றால், இதைவிடக் குறைந்த இடத்தில் அமையும் ஆட்டத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நகராட்சிகள் பூங்கா அமைக்கும்போது நடைபாதையும் உடற்பயிற்சிக் கம்பிகளும் போட்டுவிட்டுப் போவதுதான் நம் ஊர்களின் வழக்கம். நடப்பவர் தனியாக நடக்கிறார், கம்பியில் தொங்குபவர் தனியாகத் தொங்குகிறார். சேர்ந்து ஆட ஒரு மூலை ஒதுக்குவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. புதுச்சேரிக்கும் இதைச் சொல்ல வேண்டும். அங்கும் ஆட்டத் தரைகளைக் கார் நிறுத்தங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.

ஃபோர்ட் கொச்சி, பரேட் மைதானம்

மழைமரங்கள் சூழ்ந்த இந்தத் திடலில் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மூன்று நாட்டுப் படைகளும் வரிசையாக அணிவகுத்திருக்கின்றன. ஓரத்தில் 1503-இல் எழுந்த புனித பிரான்சிஸ் ஆலயம். 1524-இல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்தது அங்கேதான். 1539-இல் எச்சங்களை லிஸ்பனுக்குக் கொண்டுபோனார்கள்.

படைகள் போன பிறகு திடல் பிள்ளைகளுடையதாயிற்று. ரூஃபஸ் டிசோசா என்ற முன்னாள் ஆட்டக்காரர் 1970-களிலிருந்து பல்லாண்டுகள் இங்கே விடியற்காலையில் கால்பந்தும் ஹாக்கியும் கட்டணமின்றிக் கற்றுக்கொடுத்தார். ஊரில் 'ரூஃபஸ் அங்கிள்' என்றால் தெரியாதவர் இல்லை. ஆண்டு முடியும் இரவில் பாப்பாஞ்ஞி என்ற பிரம்மாண்டக் கிழவன் பொம்மையை எரித்துக் கொச்சிக் கார்னிவல் நடத்துவதும் இந்தப் பகுதிதான்.

மூவரும் போய்ச் சேர்ந்தபோது ஒரே திடலில் மூன்று கால்பந்து ஆட்டமும் இரண்டு கிரிக்கெட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்துகொண்டிருந்தன. எந்தப் பந்து யாருடையது என்று அவர்களுக்குள் எந்தக் குழப்பமும் இல்லை. இதற்குள் எஃகுக் குண்டை எறிவது முறையல்ல. விளிம்பில் வேடிக்கை பார்த்த இளைஞர் ஒருவர், இந்த மாதிரி ஆட்டத்தில் இந்தியா எங்காவது ஜெயித்திருக்கிறதா என்று கேட்டார். மச்சான் உடனே பதில் வைத்திருந்தார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில், இதன் உறவுக்கார ஆட்டமான லான் பௌல்ஸில் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி டிர்க்கி நால்வரும் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். ஜார்க்கண்ட் போலீஸ் கான்ஸ்டபிளும் டெல்லிப் பள்ளி விளையாட்டு ஆசிரியையும் அந்த அணியில் இருந்தார்கள். இளைஞர் போனில் அந்தக் கடைசிச் சுற்றைத் தேடிப் பார்த்துவிட்டு, "வெளி மைதானத்துக்குப் போங்க, அங்கே மண்தரை கிடைக்கும்" என்று கை காட்டினார்.

ஃபோர்ட் கொச்சி வெளி

வெளி மைதானத்தை ஒட்டி இருக்கிறது தோபி கானா. டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தமிழகத்து வண்ணார் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. சலவைக் கட்டடம் 1976-இல் எழுந்தது. தடுப்புத் தடுப்பாகப் பிரித்த தொட்டிகளில் குடும்பத்துக்கு ஒன்றாகத் துவைக்கிறார்கள். முறுக்கிய தேங்காய்நார்க் கயிற்றின் இழைகளுக்கு நடுவே துணியின் முனையைச் செருகிக் காயவைக்கிறார்கள், கிளிப் கிடையாது. ஓட்டல்களின் வெள்ளை விரிப்புகள் வரிசை வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெரியவர், பேச்சு காதில் விழுந்ததும் நிமிர்ந்தார். "வாங்க, வாங்க. எந்த ஊரு?" தலைமுறைகள் கடந்த தமிழ், ஓரங்களில் மலையாளம் படிந்து, நடுவில் கெடாமல் இருந்தது. புதுச்சேரி என்றதும் உட்கார ஸ்டூல் வந்தது. அடுத்த வீட்டு அம்மா பழம்பொரி கொண்டுவந்தார்.

ஆட்டம் தொடங்கியது அரைமணி நேரத்தில். ஒரு பக்கம் வாத்தியார், இஸ்திரிப் பெரியவர், பள்ளிப் பையன் ஒருவன். மறுபக்கம் மச்சான், பழம்பொரி அம்மாவின் மகள், கிரிக்கெட் மட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்த இன்னொரு பையன். மூவர் அணி என்றால் ஆளுக்கு இரண்டு குண்டு வேண்டும் என்கிறது விதி. பையில் இருந்தது மொத்தமே ஆறு. போச்சேக் கணக்கை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒன்று என்று அக்கா மகள் முடிவு சொன்னார். எறியும் வட்டத்துக்கு 35 முதல் 50 சென்டிமீட்டர் குறுக்களவு வேண்டும். அவர் ஒரு குச்சியால் வட்டம் கிழித்து நடுவராக நின்றுகொண்டார்.

பையன்களுக்குக் கோலி நன்றாகத் தெரியும். மூன்று குழி ஆட்டமும் தோற்றவன் விரல் முட்டியைக் கோலியால் அடிக்கும் தண்டனையும் புதுச்சேரியில் இருப்பது போலவே இங்கும். அதனால் அடித்து விலக்குவதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எதிராளியின் குண்டைக் குறிபார்த்து நேரே அடித்துத் தள்ளலாம் என்று தெரிந்ததும் பையன்கள் அதை மட்டுமே செய்யப் பார்த்தார்கள். அருகே கொண்டுபோய் வைக்கும் பொறுமை இஸ்திரிப் பெரியவரிடம் இருந்தது. அவர் கை, சூடான பெட்டியை மெல்ல இறக்கிப் பழகிய கை. முதல் எறியிலேயே மரப்பந்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினார்.

இரண்டாவது சுற்றில் தகராறு வந்தது. பையன் தன் பாதையில் கிடந்த கூழாங்கல்லைக் குனிந்து பொறுக்கினான். "வைச்சிடு தம்பி" என்றார் வாத்தியார். தரையில் இருக்கும் எதையும் அகற்றவோ நகர்த்தவோ மிதித்து அமுக்கவோ கூடாது. கல்லும் மேடும் பள்ளமும் எல்லோருக்கும் பொது. ஒரே ஒரு சலுகை உண்டு. முன்பு விழுந்த குண்டு உண்டாக்கிய குழி ஒன்றை மட்டும் எறிவதற்கு முன் மூடிக்கொள்ளலாம். பையனுக்கு இது புரியவில்லை. கிரிக்கெட்டில் பிட்சைத் தட்டிச் சமன் செய்கிறார்களே என்று வாதாடினான். பெரியவர்தான் பதில் சொன்னார்: "நீ உனக்குச் சரி பண்ணினா அடுத்தவனுக்கு வேற தரை ஆயிடும் மோனே." கல் இருந்த இடத்துக்குத் திரும்பியது. அவன் எறிந்த குண்டு அதே கல்லில் பட்டு விலகி, எதிர்பாராமல் மரப்பந்தின் பக்கமாகவே உருண்டது. எல்லோரும் கத்தினார்கள்.

அளக்கும் நாடா புதுச்சேரியிலேயே தங்கிவிட்டிருந்தது. பிந்திய ஒரு சுற்றில் அளக்க வேண்டி வந்தபோது பெரியவர் கயிற்றிலிருந்து ஒரு நார் உருவிக் கொடுத்தார். கடைசியாக எறிந்தவரோ அவர் அணிக்காரரோ அளக்க வேண்டும், எதிரணிக்கும் அளந்து பார்க்க உரிமை உண்டு. மச்சான் அளந்தார், பையன் அளந்தான், பிறகு அந்தப் பெண்பிள்ளையும் மண்டியிட்டு அளந்தாள். இரண்டு குண்டும் நாரின் ஒரே முடிச்சில் நின்றன.

"சமமா இருந்தா?" என்று கேட்டாள்.

இரண்டு அணியிடமும் குண்டு மிச்சமிருந்தால், கடைசியாக எறிந்த அணி மறுபடி எறிய வேண்டும். பிறகு மற்ற அணி. ஒன்று முந்தும்வரை மாறி மாறி. இரண்டு பக்கமும் குண்டு தீர்ந்துவிட்டால் அந்தச் சுற்றுக்கு யாருக்கும் புள்ளி இல்லை. அவள் கையில் ஒன்று மிச்சமிருந்தது. எதிரணியில் ஒன்றும் இல்லை. அப்படியானால், குண்டு மிச்சமுள்ள அணி தன்னிடம் இருப்பதை எறியலாம். வட்டத்துக்குள் வந்து நின்றாள். ஒரு கால் கோட்டைத் தொட்டது. அக்கா மகள் சொல்லத் திருத்திக்கொண்டாள். குண்டு தரையைத் தொடும்வரை காலை எடுக்கக் கூடாது என்று அவளுக்கு அவளே மலையாளத்தில் சொல்லிக்கொண்டு எறிந்தாள். மரப்பந்துக்கு உரசினாற்போல் போய் நின்றது. ஸ்கோர் 4-3.

அடுத்த சுற்றுக்கு மரப்பந்தை எறியும் உரிமை அவள் அணிக்கு வந்தது. அவள் கிழக்குப் பக்கம் கையை ஓங்கியபோது பெரியவர் இடைமறித்தார். தோபி கானாவில் இந்த ஆட்டத்தை ஆடுவதென்றால் புத்தகத்தில் ஒரு விதியைச் சேர்க்க வேண்டும் என்றார். வாத்தியார் நோட்டை எடுத்தார். விரிப்புகள் காயும் பக்கமாக யாரும் எறியக் கூடாது. அந்தப் பக்கம் உருண்ட குண்டு செத்த குண்டு. இரண்டு அணியும் ஒப்புக்கொண்டன. பையன் அதை மலையாளத்திலும் எழுதிக் கொடுத்தான். அவள் மேற்கே திரும்பி எறிந்தாள், ஏழு மீட்டர் இருக்கும். 13 புள்ளிக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. பழம்பொரி அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் அடுத்த ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள்.